கற்பூரத்தை அணைத்தது என் கை

நைனா,

நேற்று நீ போனில் கேட்டாயே, அதற்கு என் பதில் இதுதான்: முடியாது. அந்த வீடியோவில் நான் பேச மாட்டேன். சிறுநீரகம், சிறுநீர்ப்பை என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் கூடும் மாநாட்டுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், இந்த முறை கடல் தாண்டிய ஊர், ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு விமான டிக்கெட்டும் தங்க அறையும் அவர்களே தருகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வராமல் இல்லை. வந்தது. பெற்ற வயிறு, வராமல் எங்கே போகும்? ஆனால் அடுத்த மூச்சிலேயே நீ கேட்டது என்ன? "யம்மா, மேடைல போடறதுக்கு ரெண்டு நிமிசம் பேசி அனுப்பு. மீன் பலகையாண்ட குந்திகினே பேசு. அழுகை வந்தா அடக்காத, அது நல்லாத்தான் இருக்கும்." அடுப்பில் சோறு பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உன்னோடு போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய். கடைசியில் என்மேல்தான் தப்பு என்று எனக்கே தோன்றிவிடும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை ஒருமுறை எழுதி, கஸ்தூரிக்குப் படித்துக் காட்டி, அவள் வேண்டாம் என்றதை அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். கஸ்தூரி என்பது அவள் பெயர் இல்லை. யாரென்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும். என் பலகைக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து மீன் விற்றவள், நீ பிறந்ததிலிருந்து உனக்கு அத்தை. "உன்னப் பத்தி எம் புள்ளைக்கு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எய்திக்கோ. பேரு மட்டும் வாணாம்," என்றாள். அவ்வளவுதான். கேட்க எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இத்தனை படிப்புப் படித்த உனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

போன முறை மேடையில் எங்களைப் பற்றி நீ சொன்ன கதை எங்கே தொடங்கியது என்று உனக்கு மறந்திருக்கும், நான் நினைவுபடுத்துகிறேன். விடிவதற்கு முன்னால் காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்கிறோம். தனியாக ஒரு முழுக் கூடையை எடுக்க எங்கள் யாருக்கும் கையில் காசு போதாது. அதனால் நானும் கஸ்தூரியும் சேர்ந்து ஒரு கூடை எடுத்து, அங்கேயே தரையில் கொட்டிப் பாதிப் பாதியாகக் கூறு போட்டுக்கொள்வோம். ஷேர் ஆட்டோவில் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்து உட்கார்ந்தால் வெயில் சாய்கிறவரை எழுந்திருக்க முடியாது. கக்கூஸ் இருக்கிறது, அது திறந்திருந்தால் உள்ளே கால் வைக்க முடியாது, கால் வைக்கிற மாதிரி இருந்தால் பூட்டியிருக்கும். அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு வாய் டீ, அப்புறம் கன்னத்தில் ஒரு வெற்றிலை, அதோடு சரி. ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலில் பாதி அதுதான், மீன் விற்பது மீதிப் பாதி. இப்படி அடக்கி அடக்கி, ஒரு வயதுக்கு மேல் அடக்க முடியாமல் போனது. இருமினால், கூடையைத் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் நனைந்துவிடும். பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு உட்காருவோம். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. தனக்கு மட்டும்தான் இந்தப் பேஜாரு என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீ இதை ஆராய்ச்சி செய்கிறேன் என்று வந்தாய். நல்ல காரியம்தான், இப்போதும் அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆண் பிள்ளை வந்து இதைக் கேட்டால் எவள் வாயைத் திறப்பாள்? நீ கேட்டதற்கெல்லாம் அவர்கள் வஞ்சிரத்தின் விலையைச் சொன்னார்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாய். நான்தான் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வரும்போது கஸ்தூரியிடம் பேச்சை எடுத்தேன். அவளைக் கேட்கவில்லை, என் கதையை முதலில் சொன்னேன். "யக்கா, உனக்குமா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் நனையும் என்று தெரிந்தும் சிரித்தோம். அத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், அன்றைக்குத்தான் உண்மையாகவே பக்கத்தில் வந்தோம். அப்புறம் அவளே மற்றவர்களிடம் பேசினாள்.

மார்க்கெட்டை ஒட்டியிருக்கிற அம்மன் கோயில் வாசலில் எல்லோரும் கூடியது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாய். "இதுல கையெழுத்துப் போட்டா போதும் அத்தே. பேரும் வராது, மொகமும் வராது," என்றாய். கஸ்தூரி காகிதத்தைத் தொடவே இல்லை. "பேப்பரு கெடக்கட்டும் நைனா. கற்பூரம் அணச்சு சொல்லு, போதும்," என்றாள். நம் குப்பத்தில் அதற்குமேல் ஒரு வாக்கு கிடையாது. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தவன் சொன்ன சொல்லை மீறமாட்டான் என்று படகுச் சண்டையிலிருந்து குடும்பச் சண்டைவரை எல்லாம் அதில்தான் தீரும். நீ சிரித்தாய். "அதெல்லாம் எங்க வேலைல இல்ல அத்தே," என்றாய். பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கலைந்துபோய்விடுவார்களே, பிள்ளையின் படிப்பு பாழாகிவிடுமே என்று எனக்குப் பதறியது. நான் முன்னால் வந்து, "எம் புள்ள வாய்லேந்து ஒரு சொல்லு வெளிய போவாது, அவனுக்கு நான்," என்று சொல்லி அந்தக் கற்பூரத்தை என் கையால் அணைத்தேன். கஸ்தூரி அப்போதே கேட்டாள்: "யக்கா, அவன் வாய்க்கு நீ இன்னாத்துக்குக் கைய வெக்கற?" கேட்டாளே தவிர, மறுநாள் முதல் ஆளாகப் பாட்டிலில் ஒண்ணுக்குப் பிடித்து, முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்து உன் கையில் கொடுத்தவளும் அவள்தான். புருஷனிடம் சொல்லாததை உன்னிடம் சொன்னாள்.

பிறகு வடக்கே நடந்த மாநாட்டுக்கு முதன்முதலாக உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். போக வரச் செலவு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று நீ சொன்னபோது கஸ்தூரி நம்பவில்லை. "சும்மாவா? இன்னாத்துக்கு?" என்றாள். "சின்னவங்க வந்து பெரியவங்க பேசறத கேக்கணும், தாங்க செஞ்சதையும் சொல்லணும், அதுக்குத்தான் அத்தே," என்றாய். "நல்ல மனுசங்க," என்று சொல்லி, அன்றே வண்ணாரப்பேட்டைக்கு என்னை மெட்ரோவில் இழுத்துக்கொண்டு போனாள், மேடைக்கு உனக்கு ஒரு சட்டை எடுக்க. நான் வெள்ளை என்றேன். "வெள்ள போட்டா வெயிட்டரு மாரி கீது, நீலம் எடு," என்று என்னை விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் சண்டை போட்டாள். நீலம்தான் எடுத்தோம். மார்க்கெட் முழுக்க அன்றைக்கு அந்தச் சட்டைப் பேச்சுதான்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நீ அதைச் செய்தாய். நீ திரும்பி வந்த வாரம் கஸ்தூரியின் மருமகள் போனை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கே வந்தாள். யாரோ உன் பேச்சை வெட்டி, கீழே தமிழில் எழுதி, சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். குப்பத்துப் பிள்ளை பெரிய மேடையில் பேசுகிறான் என்று எல்லோர் போனிலும் அது சுற்றிக்கொண்டிருந்தது. உனக்குப் பின்னால் பெரிய திரை. திரையில் நான், பக்கத்தில் கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. "சும்மா ஒண்ணு எடுத்துக்கறேன்," என்று சொல்லி நீ எடுத்த படம். "இவர் என் அம்மா. பக்கத்தில் இருப்பவர் என்னை வளர்த்த அத்தை. இருவரும் கிழிந்த புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் நாள் முழுக்க மீன் விற்கிறார்கள்," என்று எழுத்து ஓடியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அது நிஜ அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால் நீ எவ்வளவு தூரம் போய்விட்டாய் என்று பார்த்துக்கொள். கஸ்தூரி கடைசிவரை பார்த்தாள். போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சட்ட சோக்கா கீதுல்ல கா?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். முடியைப் பிடித்து இழுத்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மறுநாள் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஐஸ் கடை ஓரமாகப் போட்டுக்கொண்டாள். காசிமேட்டில் என்னோடு கூறு போடுவதில்லை. தனியாகக் கூடை எடுக்க முடியாமல் நான் பல நாள் வெறும் நெத்திலியோடு திரும்புகிறேன், அவளும் அப்படித்தான். வருஷக்கணக்காக அவளிடம் வாங்குகிற ஓர் அம்மாள், "கைய நல்லா கழுவிட்டு வெட்டும்மா," என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மீன் விற்கிறவளுக்குக் கைதானே முதல், அதன்மேல் கலீஜு என்று பேர் விழுந்துவிட்டால் எதை வைத்து விற்பாள்? ஆட்டோவில் ஏறப்போனால் ஒருத்தன், "சீட்டு நனஞ்சிடப் போவுது," என்கிறான், நாலு பேர் சிரிக்கிறார்கள். அவள் மகன் அவளை வியாபாரத்துக்கே போகாதே என்கிறான். மார்க்கெட்டில் மற்றவர்கள் உன் பெயரை எடுப்பதில்லை. "கற்பூரம் அணச்சது நீதானே?" என்று மூத்தவள் ஒருத்தி என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்போது நான் உனக்குப் போன் செய்து கத்தினேன். நீ அமைதியாகப் பதில் சொன்னாய், அந்த அமைதிதான் எனக்கு அதிகமாக எரிந்தது. "பேரு சொல்லலியேம்மா," என்றாய். முகத்தைத் திரை முழுக்கக் காட்டிவிட்டுப் பெயர் எதற்கு? "மொகத்த மறைக்கணும்னுதான் நெனச்சேன், நேரம் இல்ல," என்றாய். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்ள நேரம் இருந்தது. "வெறும் கணக்கு காட்டினா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். எனக்கு முன்னாடி பேசினவனுக்குக் கைதட்டக்கூட ஆளில்ல," என்றாய். அதை நான் புரிந்துகொள்கிறேன். பளபளவென்று இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகளுக்கு நடுவே நீ தட்டை வைத்துக்கொண்டு தனியாக நின்று சாப்பிட்டேன் என்று சொன்ன நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை அனுப்பியவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்கள் சின்னவர்களைக் கைதூக்கி விடுகிறார்கள், தங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். அவர்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் உன்னிடம் ஆராய்ச்சியைத்தான் கேட்டார்கள். கஸ்தூரியின் கிழிந்த துணியைக் கேட்கவில்லை. அதை நீயாக எடுத்துக் கொடுத்தாய். என்னையும்தான். அம்மாதானே என்று கேட்காமலே எடுத்துக்கொண்டாய், வீட்டு அரிசிப் பானையில் கைவிடுகிற மாதிரி. என்னைப் பற்றிச் சொன்னது எனக்குப் பரவாயில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதே. எனக்கும் வலித்தது, எனக்கும் மானம் இருக்கிறது.

"நல்ல காரியத்துக்குத்தானேம்மா," என்றாயே, அந்த நல்ல காரியம் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி, இந்தப் பெண்களுக்காகவே ஒரு முகாம் ஏற்பாடு செய்தாய். ஒருத்தியும் வரவில்லை. பந்தலில் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்று, "இவங்களுக்கு விழிப்புணர்வு இல்லம்மா," என்றாய். உன்னைப் பெற்று வளர்த்து நான் கேட்ட வார்த்தைகளிலேயே அதுதான் என்னை அதிகம் சுட்டது. இல்லாமல் என்ன, நைனா? நன்றாக விழித்துக்கொண்டுதான் வீட்டில் இருந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் முதலில் உன்னைப் பற்றி ஒன்று எழுதியிருந்தேன். சின்ன வயசில் உனக்கு இருந்த ஒரு தொல்லை, பள்ளிக்கூடம் போன பிறகும் விடாமல் இருந்தது. உன் அப்பா மணலியிலிருந்து டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டு போனால் வீடு திரும்ப நாளாகும். நான் ஏலத்துக்குப் போக வேண்டிய காலைகளில் கஸ்தூரிதான் உன்னை எழுப்பி, குளிப்பாட்டி, அக்கம்பக்கம் கண் விழிப்பதற்குள் எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டுவிடுவாள். யாராவது கேட்டால் குடம் கவிழ்ந்துவிட்டது என்பாள். உன்னை உறைக்க வைக்க வேண்டும் என்ற கோபத்தில், அது என்ன தொல்லை என்றும் உன் கூட்டாளிகளுக்குத் தெரியாமல் அவள் எப்படியெல்லாம் மறைத்தாள் என்றும் ஒரு பக்கத்துக்கு எழுதிவைத்திருந்தேன். ஐஸ் கடை ஓரம் அவள் பலகைக்கு நானே தேடிப் போய் அதைப் படித்தபோது கஸ்தூரி அரிவாள்மனையை நிறுத்தினாள். "அத்த அடிச்சிடு கா. நாலு பேரு முன்னாடி நிக்கற புள்ள. கடுதாசி யாரு கையிலயாவது மாட்டிச்சின்னா சங்கடமா பூடும்," என்றாள். அடித்துவிட்டேன். அவள் கற்பூரம் எதையும் அணைத்ததில்லை, கையெழுத்தும் போட்டதில்லை. இத்தனை வருஷத்தில் மருமகளிடம்கூட அதைச் சொன்னதில்லை.

இதுவரை எழுதியது அவளுக்குப் படித்துக் காட்டியது. இதற்குமேல் எழுதுவதை அவளிடம் கேட்காமல் எழுதுகிறேன். கேட்டால் வேண்டாம் என்பாள். நீ செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று நீ சொல்லலாம், சொல்லிக்கொள். நான் மேடையில் சொல்லவில்லை, உன் ஒருத்தன் காதில் சொல்கிறேன், அவளுக்காகச் சொல்கிறேன். கஸ்தூரிக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. உச்சி வெயிலில் புடவையைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறாள். இன்று காலை ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஓடிப்போய் என்னவென்று கேட்டேன். "ஒன்னியும் இல்ல கா, பித்தம்," என்றாள். என்னிடம் எல்லாவற்றையும் சொன்னவள் இப்போது என்னிடம் பொய் சொல்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று கையைப் பிடித்தேன். "படிச்சவங்களாண்ட சொன்னது போதும் கா. இன்னோரு தபா சொன்னா அது எங்க போயி நிக்குமோ," என்று கையை உருவிக்கொண்டாள். இப்படிப்பட்ட உடம்பில் காய்ச்சலும் விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்து வந்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறுகிறது என்று அர்த்தம், விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ.

அதனால் வா. நம் வீட்டுக்கு வராதே, நேராக அவள் வீட்டுக்குப் போ. நான் உன் பக்கத்தில் நிற்க மாட்டேன். உனக்காக ஒருமுறை கை வைத்தது எனக்குப் போதும். அவள் மகன் கத்துவான், கையை ஓங்கினாலும் ஓங்குவான், நில். ஆராய்ச்சி, நல்ல காரியம், நேரமில்லை என்று எதையும் ஆரம்பிக்காதே. "உங்க மொகத்த வித்துட்டேன் அத்தே," என்று சொல். வாங்கி விற்கிறவளுக்கு அது புரியும். அவள் வர ஒப்புக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டாக்டர் அறைக்கு வெளியே உட்கார். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று கேட்காதே. கதவைச் சாத்தினால் மறுநாள் போ, அதற்கு மறுநாளும் போ. அதற்குள் விமானம் கிளம்பிவிடுமே என்பாய். கிளம்பட்டும். ஆராய்ச்சிப் பிள்ளைகளை அவர்கள் வருஷா வருஷம் தேர்ந்தெடுப்பார்கள். எனக்குக் கஸ்தூரி ஒருத்திதான்.

அம்மா